ஆறு பேர் இசைக்குழுவுக்கு எந்தச் சின்ன மிக்சர் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: குடியாத்தம் பக்கம் ஆறு பேர் கொண்ட லைட் மியூசிக் குழு. ஆண் குரல், பெண் குரல், கீபோர்டு, ரிதம் பேட், தபேலாவும் டோலக்கும் வாசிக்கிற ஒருவர், பேஸ் கிட்டார். கல்யாண வரவேற்பு, ஆடிக் கூழ் திருவிழா, சர்ச் ஆண்டுவிழா என்று நிகழ்ச்சிகள். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மைக் செட்காரரிடம் வாடகை, மிக்சர் மட்டும் சொந்தமாக வாங்க வேண்டும். பத்து சேனல் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா, டிஜிட்டலுக்குப் போகலாமா, குறைந்த செலவில் எது?

பிராண்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள். மேடையிலிருந்து மிக்சருக்குள் போகும் மைக் எத்தனை? மிக்சரிலிருந்து மேடைக்குத் திரும்பி வரும் மானிட்டர் (வாசிப்பவரும் பாடுபவரும் தங்கள் சத்தத்தைக் கேட்கும் ஸ்பீக்கர்) எத்தனை? மிக்சரின் பெயரில் இருக்கும் எண் இந்த இரண்டில் எதையும் சொல்லாது. குழுக்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

யமஹா எம்ஜி10எக்ஸ்யு என்று பெயர், ஆனால் மைக் சொருகக்கூடிய கேனான் துளை (மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர்) நான்குதான். மீதி ஆறும் மூன்று ஸ்டீரியோ லைன் ஜோடிகள், அதாவது கீபோர்டு, செல்போன் போன்றவற்றுக்கான உள்ளீடு. சவுண்ட்கிராஃப்ட் நோட்பேட் 12எஃப்எக்ஸ், பெயரில் பன்னிரண்டு, மைக் நான்கு. எம்ஜி12எக்ஸ்யு என்றால் ஆறு, எம்ஜி16எக்ஸ்யு என்றால் பத்து. டிஜிட்டலிலும் இதே கதைதான்: பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்12-இல் மைக் நான்கு, எக்ஸ்ஆர்16-இல் எட்டு, எக்ஸ்ஆர்18-இல் பதினாறு. கடையில் "பன்னிரண்டு சேனல் சார்" என்று சொன்னால், பெட்டியைத் திருப்பி கேனான் துளைகளை விரலால் எண்ணுங்கள்.

உங்கள் குழுவுக்குக் கணக்குப் போடலாம். ஆண் குரல், பெண் குரல், அறிவிப்புக்கும் கோரஸுக்கும் ஒன்று, ஆக மூன்று மைக். தபேலாவுக்கு வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. டோலக்குக்குக் குறைந்தது ஒன்று. இதுவரை ஆறு. பேஸ் கிட்டார் டிஐ பாக்ஸ் (கிட்டார், கீபோர்டு சிக்னலை மைக் சிக்னலாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக வந்தால் அதுவும் மைக் துளையைத்தான் பிடிக்கும், ஏழு. புல்லாங்குழல்காரரோ பம்பைக்காரரோ ஒரு பாட்டுக்கு மேடையேறினால் எட்டு. இதற்கு மேல் கீபோர்டு ஸ்டீரியோவாக இரண்டு, ரிதம் பேட் இரண்டு, டிராக் (பதிவு செய்த பின்னணி இசை) ஓட்ட லேப்டாப் அல்லது செல்போன் இரண்டு. மொத்தம் பதினான்கு உள்ளீடு, அதில் மைக் எட்டு.

இந்தப் பட்டியலை எம்ஜி12எக்ஸ்யு மீது வைத்துப் பாருங்கள். அதில் முதல் நான்கு சேனல் மோனோ. ஐந்து-ஆறு, ஏழு-எட்டு என்ற இரண்டு ஜோடிகளிலும் ஜோடிக்கு ஒரு மைக் போடலாம், அல்லது ஸ்டீரியோ லைன் போடலாம். ஆறு மைக்கும் போட்டுவிட்டால் மிஞ்சுவது இரண்டே ஸ்டீரியோ ஜோடி. கீபோர்டும் பேடும் அதில் உட்கார்ந்துவிடும். பேஸுக்கும் டிராக்குக்கும் இடமில்லை. ஆகவே உங்களுக்குப் பன்னிரண்டு சேனல் போதாது, பத்து சேனலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்த எண், மானிட்டர். பாடகர் தன் குரலைக் கேட்க வேண்டும், தபேலாக்காரர் கீபோர்டைக் கேட்க வேண்டும், பேஸ்காரர் ரிதத்தைக் கேட்க வேண்டும். மூவருக்கும் ஒரே கலவையைக் கொடுத்தால் ஒருவர் "என் சத்தம் கேட்கலை" என்பார், நீங்கள் ஏற்றுவீர்கள், பாடகர் மைக்கில் ஊளை கிளம்பும். எனவே தனித்தனியாக மூன்று மானிட்டர் கலவை என்பது ஆறு பேர் குழுவுக்குக் குறைந்தபட்சம். ஒவ்வொரு கலவைக்கும் மிக்சரில் ஓர் ஆக்ஸ் (தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி) வேண்டும். எக்கோவுக்கும் ஓர் ஆக்ஸ் போகும். எம்ஜி10எக்ஸ்யு-வில் இருப்பது ஒரே ஒரு ஆக்ஸ், அதுவும் எக்கோவுக்கானதே. எம்ஜி12எக்ஸ்யு-வில் எக்கோவையும் சேர்த்து இரண்டு, அதாவது மானிட்டர் ஒன்றுதான். எம்ஜி16எக்ஸ்யு-வில் எக்கோவையும் சேர்த்து நான்கு.

ஆக்ஸ் இருந்தால் மட்டும் போதாது, அது ப்ரீயா போஸ்ட்டா என்று பார்க்க வேண்டும். ப்ரீ என்றால் ஃபேடருக்கு (சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழுக்கு) முன்பிருந்து சிக்னல் எடுக்கும். வெளியே போகும் சத்தத்தை நீங்கள் ஏற்றினாலும் இறக்கினாலும் மானிட்டர் அசையாது. போஸ்ட் என்றால் ஃபேடரோடு சேர்ந்து ஏறி இறங்கும். மானிட்டருக்கு ப்ரீ வேண்டும், எக்கோவுக்கு போஸ்ட் வேண்டும். போஸ்ட்டில் மானிட்டர் ஓட்டினால், பாடகர் குரலைக் கூட்டத்துக்காகக் கொஞ்சம் ஏற்றும்போது மேடையிலும் ஏறி ஊளையிடும். அதற்குக் காரணம் தெரியாமல் மைக்கை மாற்றுகிறவர்கள் உண்டு. குமிழுக்குப் பக்கத்தில் ப்ரீ என்ற சுவிட்ச் எந்தெந்த ஆக்ஸுக்கு இருக்கிறது என்று முகப்பைப் பார்த்தே வாங்குங்கள்.

இதே கணக்கைத் தெருக்கூத்துக் குழுக்களும் போடலாம். ஆரணி, செய்யாறு பக்கக் கூத்துக்கு ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், நடுவில் தொங்கவிடும் மைக் இரண்டு அல்லது மூன்று என்று ஏழு மைக்குக்குள் முடிந்துவிடும். லைன் உள்ளீடு கிட்டத்தட்டத் தேவையே இல்லை. அங்கே தொங்கும் மைக்தான் தொல்லை. நடிகர் இரண்டு மூன்று அடி தள்ளி நிற்பதால் கெயின் (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) அதிகம் வைக்க வேண்டிவரும், ஊளை சீக்கிரம் வரும். அந்த மைக் சேனல்களில் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வசதி இருப்பது ஆக்ஸைவிட முக்கியம்.

இப்போது அனலாகா டிஜிட்டலா. விலைச் சீட்டை மட்டும் பார்த்தால் அனலாக் மலிவு. முழுச் செலவையும் எழுதினால் கதை மாறும். அனலாக் மிக்சரை கூட்டத்துக்கு எதிரே வைத்து இயக்க வேண்டுமானால் மேடையிலிருந்து அங்கே வரை 30 மீட்டர் மல்டிகோர் கேபிள் (பல மைக் கேபிள்கள் ஒரே உறையில்) வேண்டும், பன்னிரண்டு ஜோடியாவது. மானிட்டர் ஊளையை வெட்ட ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு கிராஃபிக் ஈக்வலைசர் (ஒலியைப் பட்டை பட்டையாக ஏற்றி இறக்கும் கருவி) வேண்டும். உரத்த சத்தத்தைத் தானாக அடக்கும் கம்ப்ரஸர் சின்ன மிக்சரில் ஒரு சில சேனலுக்குத்தான் இருக்கும். இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் நம் ஊரில் மிக்சரை கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். அங்கே உட்கார்ந்தவர் மேடைச் சத்தத்தைக் கேட்டுக் கலக்குகிறார், கூட்டத்துக்கு என்ன போகிறது என்பது அவருக்குத் தெரியாது. பேஸ் காணாமல் போவதும் தபேலா காதைக் கிழிப்பதும் இதனால்தான்.

எக்ஸ்ஆர் வகை டிஜிட்டல் பெட்டியில் ஃபேடரே கிடையாது. பெட்டி மேடையில் இருக்கும், ஃபேடரெல்லாம் டேப்லெட் திரையில் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு கடைசி வரிசை நாற்காலி வரை நடந்து கேட்டுக் கலக்கலாம். மல்டிகோர் வேண்டாம். சேனலுக்குச் சேனல் கேட் (வாசிக்காத நேரம் மைக்கை மூடுவது), கம்ப்ரஸர், நான்கு பட்டை ஈக்வலைசர் (ஈக்யூ). ஒவ்வொரு மானிட்டர் வெளியீட்டிலும் 31 பட்டை கிராஃபிக். எக்கோவுக்கு ஆக்ஸைப் பறிக்காத நான்கு தனி எஃபெக்ட். கெயின் உட்பட எல்லாவற்றையும் சேமித்து வைத்து அடுத்த நிகழ்ச்சியில் ஒரே தட்டில் திரும்ப எடுக்கலாம். இரவு ஏழு மணி வரவேற்புக்கு ஆறரைக்கு மேடை கிடைக்கிற நம் மண்டபங்களில் இந்த வசதிக்கு ஈடு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு: உங்கள் ஆறு பேருக்கு எக்ஸ்ஆர்16 போதும், எக்ஸ்ஆர்18 நல்லது. எக்ஸ்ஆர்16-இல் எட்டு மைக், எட்டு லைன், நான்கு ஆக்ஸ். உங்கள் பட்டியல் அதில் அப்படியே பொருந்துகிறது: மைக் எட்டில் மூன்று குரல், தபேலா இரண்டு, டோலக், பேஸ் டிஐ, விருந்தாளி. லைனில் கீபோர்டு, பேட், டிராக். இரண்டு லைன் காலி. நான்கு ஆக்ஸில் மூன்று மானிட்டர், நான்காவதை நேரலை ஒளிபரப்புக்கோ வீடியோக்காரருக்கோ கொடுக்கலாம். எக்ஸ்ஆர்18-இல் ஆறு ஆக்ஸ், முதல் இரண்டு சேனலில் கிட்டாரை டிஐ இல்லாமல் நேரே சொருகும் வசதி, கணினியில் 18 சேனலையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் யுஎஸ்பி. பாட்டை வீட்டில் மறுகலவை செய்து வெளியிட ஆசையிருந்தால் 18-க்குப் போங்கள். ஒன்று கவனியுங்கள்: 12-இலும் 16-இலும் பென்டிரைவ் சொருகி ஸ்டீரியோவாகப் பதிவு செய்யலாம், 18-இல் பென்டிரைவில் பதிவு கிடையாது, கணினி வேண்டும். எக்ஸ்ஆர்12 உங்களுக்கு வேண்டாம், நான்கு மைக்கோடு நின்றுவிடும்.

குழுவில் ஒருவருக்கும் டேப்லெட் பிடித்து உட்காரும் பொறுமை இல்லையென்றால், டிஜிட்டல் வாங்கிப் பயனில்லை. கீபோர்டு வாசிப்பவரே இடது கையால் குமிழைத் திருப்புவார் என்றால் எம்ஜி16எக்ஸ்யு போன்ற அனலாக்கே சரி. ஊளை கேட்ட நொடியில் கை நேரே ஃபேடருக்குப் போகும். தொடுதிரையில் பக்கம் மாற்றிச் சேனலைத் தேடும்போது மூன்று நொடி போய்விடும், அந்த மூன்று நொடியில் மண்டபமே காதைப் பொத்திக்கொள்ளும். கீபோர்டு ஒன்று, குரல் இரண்டு என்று சின்ன ஜெபக் கூட்டத்துக்கோ பிறந்தநாள் விழாவுக்கோ போகிறவர்களுக்கு பெஹ்ரிங்கர் ஃப்ளோ 8 அழகாகப் பொருந்தும்: நான்கு மைக், இரண்டு மானிட்டர், கையால் தள்ளும் ஃபேடர். ஆனால் அதற்கு மின்சாரம் மைக்ரோ யுஎஸ்பி வழியாக வருகிறது. அந்தச் சின்ன பின்னை யாராவது காலால் தட்டினால் எல்லாம் நின்றுவிடும். கேபிளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

டிஜிட்டல் என்றதும் எல்லோரும் பயப்படுவது வைஃபை. பயத்தில் நியாயம் உண்டு. எக்ஸ்ஆர் பெட்டிக்குள் இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்கிறது. காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்யும்போது பிரமாதமாக இருக்கும். ஐந்நூறு பேர் செல்போனோடு உள்ளே வந்ததும் திணறும், ஃபேடர் நகராது. பெட்டியை இரும்பு ரேக்கில் அடைத்து கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழே தள்ளினால் இன்னும் மோசம். வழி எளிது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு பட்டையிலும் வேலை செய்யும் சாதாரண வீட்டு ரூட்டர் ஒன்று வாங்கி, எக்ஸ்ஆரின் லேன் துளையில் கேபிளால் இணையுங்கள். பெட்டியில் இருக்கும் சின்ன சுவிட்சை ஈதர்நெட் பக்கம் தள்ளுங்கள். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து டேப்லெட்டை அதில் மட்டும் சேருங்கள். ரூட்டரைத் தரையில் வைக்காமல் மைக் ஸ்டாண்டு உச்சியில், ஆள் தலைக்கு மேலே கட்டுங்கள், மனித உடல்கள் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாக மறைக்கும்.

அந்த ரூட்டரில் இணையம் இருக்காது. "இணையம் இல்லை" என்று கண்ட செல்போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் துண்டிக்கப்படும். எனவே கட்டுப்படுத்தும் கருவியில் மொபைல் டேட்டாவை அணைத்து, மற்ற வைஃபை பெயர்களை மறக்கச் செய்யுங்கள். கடவுச்சொல் கட்டாயம். அது இல்லாவிட்டால் அதே ஆப் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஃபேடரை இழுக்கலாம். வைஃபை போனாலும் பாட்டு நிற்காது, மிக்சர் கடைசி அமைப்பிலேயே ஓடும், கட்டுப்பாடு மட்டும்தான் போகும். மேடையோரம் ஒரு பழைய லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் சொருகி வைத்திருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

மிக்சருக்கு வைத்திருக்கும் பணம் முழுவதையும் மிக்சரிலேயே போட்டுவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கை கேபிள், டிஐ பாக்ஸ், ரூட்டர், சின்ன யூபிஎஸ் இவற்றுக்கு ஒதுக்குங்கள். நிகழ்ச்சியைக் கெடுப்பது பெரும்பாலும் மிக்சர் இல்லை, கேபிள்தான். கேனான் கேபிள் 6 மீட்டரில் எட்டு, 10 மீட்டரில் நான்கு, கூடுதலாக இரண்டு. சொந்தமாக சால்டர் செய்தால் பின் 1 ஷீல்டு, 2 ஹாட் (பிளஸ்), 3 கோல்ட் (மைனஸ்). கீபோர்டிலிருந்து பி-38 (கால் அங்குல, 6.35 மில்லிமீட்டர்) மோனோ பின்னைக் கேனானுக்கு மாற்றும் கேபிள் என்றால் முனை பின் 2-க்கு, உடல் பின் 1-க்கும் 3-க்கும் சேர்த்து.

பி-38 கேபிளில் ஒரு பொறி உண்டு, இதைத் தெரிந்துகொண்டால் பல மணி நேரம் மிச்சம். செல்போனிலிருந்து டிராக் ஓட்ட, ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், மறுபக்கம் ஒற்றை பி-38 ஸ்டீரியோ பின் உள்ள கேபிளைச் சொருகுவார்கள். பாட்டு வரும், ஆனால் குரல் காணாமல் போகும், பேஸும் ஒல்லியாகிவிடும். மிக்சரின் லைன் உள்ளீடு பேலன்ஸ்டு. அது முனைக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இடதும் வலதும் சமமாக இருக்கும் நடுக்குரல் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யமாகிவிடும். செல்போன் கெட்டுப்போகவில்லை, மிக்சரும் கெடவில்லை. ஒரு 3.5 பின்னிலிருந்து இரண்டு தனி பி-38 மோனோ பின்னாகப் பிரியும் கேபிள் வாங்கி, இரண்டு உள்ளீட்டில் சொருகுங்கள்.

கீபோர்டு, பேட் இவற்றின் வெளியீடு பேலன்ஸ்டு அல்ல. கேபிள் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் சீரியல் செட் விளக்கின் இரைச்சல் எல்லாம் அதில் ஏறும். மிக்சர் மேடையிலேயே இருந்தால் 3 மீட்டரில் முடித்துவிடலாம், தூரம் போக வேண்டுமானால் டிஐ பாக்ஸ். கீபோர்டுக்குச் சாதாரண பேசிவ் டிஐ போதும். பேட்டரி இல்லாத பேஸ் கிட்டாருக்கு ஆக்டிவ் டிஐ வேண்டும். கிட்டார் பிக்கப்புக்கு எதிரே ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்ளீட்டு மின்தடை இல்லாவிட்டால் மேல் ஸ்வரங்கள் மழுங்கிப்போகும். கன்டென்சர் மைக்குக்கு மிக்சரே கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன அனலாக் மிக்சர்கள் பலவற்றில் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். டைனமிக் மைக்கை நல்ல கேனான் கேபிளில் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கீபோர்டை பி-38-கேனான் கேபிள் மூலம் மைக் துளையில் நேரே சொருகி ஃபாண்டம் போட்டால் கீபோர்டின் வெளியீட்டு சர்க்யூட்டுக்கு ஆபத்து. எக்ஸ்ஆரில் சேனலுக்குச் சேனல் தனியாகப் போடலாம்.

அடுத்தது கரண்ட். திருவிழாவில் நிகழ்ச்சியைக் காப்பதும் கெடுப்பதும் இதுதான். பந்தலில் மூன்று ஃபேஸ் இழுத்து விளக்கு, ஜெனரேட்டர், மைக் செட் என்று பிரித்திருப்பார்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது தளர்ந்தால் உங்கள் பிளக்கில் 230-க்குப் பதில் 300, 400 வோல்ட் வரை வரலாம். ஒரு மல்டிமீட்டர் பையில் இருக்கட்டும். எதையும் சொருகும் முன் ஃபேஸ்-நியூட்ரல் 220-க்கும் 240-க்கும் நடுவில் இருக்கிறதா, ஃபேஸ்-ஏர்த்தும் ஏறக்குறைய அதே அளவு வருகிறதா, நியூட்ரல்-ஏர்த் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸ்-ஏர்த் அளவே வராவிட்டால் அங்கே ஏர்த் கிடையாது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். பாடகரின் உதடு மைக் கம்பியில் படும் வேலை இது. ஹம் (உறுமல் இரைச்சல்) வருகிறது என்று பிளக்கின் ஏர்த் பின்னைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஹம்மைப் போக்க டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது.

டிஜிட்டல் மிக்சருக்கு ஒரு நொடி கரண்ட் தட்டினாலும் மறுபடி துவங்க வேண்டும், அதுவரை மேடை ஊமை. மிக்சரையும் ரூட்டரையும் மட்டும் 600 விஏ யூபிஎஸ்ஸில் போடுங்கள், ஆம்ப்ளிஃபயரை அதில் சொருகாதீர்கள். மலிவு யூபிஎஸ்ஸின் சதுர அலையை எக்ஸ்ஆரின் உள் பவர் சப்ளை பொறுத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் ஓடும் அனலாக் மிக்சராக இருந்தால் அதே யூபிஎஸ்ஸில் இரைச்சல் வரலாம், வாங்கும் முன் வீட்டில் சோதித்துப் பாருங்கள். அடாப்டர் வகை என்றால் கூடுதல் அடாப்டர் ஒன்று எப்போதும் பையில் வேண்டும். மேடையில் முதலில் காணாமல் போவதும் அதுதான், மிதிபடுவதும் அதுதான்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் காலம். பகலில் மேடையில் பெட்டியை வெறும் வெயிலில் வைக்காதீர்கள். வெள்ளைத் துணி நிழல், ரேக்கின் முன்னும் பின்னும் காற்றுப் போக வழி. அனலாக் என்றால் வெப்பத்தைவிடத் தூசி எதிரி. நிகழ்ச்சி இல்லாத நேரம் மூடியே வையுங்கள், ஃபேடர் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு.

வாடகை ஸ்பீக்கர் என்பதால் மைக் செட்காரரோடு இணைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் லைன் இன் அல்லது ஆக்ஸ் இன் இருந்தால் அதில் கொடுங்கள். மைக் துளைதான் காலி என்றால் நேரே கொடுக்காதீர்கள், லைன் அளவுச் சிக்னல் மைக் உள்ளீட்டை நிரப்பிக் கிழிந்த சத்தம் வரும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வைத்தால் அளவும் இறங்கும், இரண்டு வேறு லைனில் கரண்ட் எடுத்ததால் வரும் ஹம்மும் போகும். அவருக்கு மோனோவாகவே கொடுங்கள். தெரு நெடுக ஸ்பீக்கர் கட்டியிருக்கும் திருவிழாவில் இடது ஒரு தெருவுக்கும் வலது இன்னொரு தெருவுக்கும் போனால், கீபோர்டின் பாதி ஒரு தெருவுக்குக் கேட்காது. கீபோர்டையும் பேடையும் நடுவில் வைத்துவிடுங்கள்.

அமைக்கும் முறை. ஃபேடரைப் பூஜ்யக் கோட்டில் வைத்துக் கெயினை மட்டும் ஏற்றுங்கள், பாடகர் நிகழ்ச்சியில் பாடுகிற அதே உரத்தில் பாடட்டும். அனலாகில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித் துள்ள வேண்டும். டிஜிட்டலில் சராசரி மைனஸ் 18, உச்சம் மைனஸ் 10 முதல் 6 வரை. அதற்கு மேல் இடம் விட்டு வையுங்கள், உச்ச ஸ்தாயியில் பாடகி இன்னும் ஏற்றுவார். கெயினை முழுக்க வைத்து ஃபேடரைக் கீழே வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ப்ரீ ஆக்ஸ் கெயினுக்குப் பிறகு, ஃபேடருக்கு முன்னே எடுப்பதால் அப்போது மானிட்டர் வெறிபிடித்ததுபோல ஊளையிடும். குரல், டோலக் சேனல்களில் லோ கட் (தாழ்ந்த ஒலியை வெட்டுவது) போடுங்கள்: யமஹாவில் 80 ஹெர்ட்ஸில் நிலையான சுவிட்ச், எக்ஸ்ஆரில் நகர்த்தலாம், பெண் குரலுக்கு 120 வரை தைரியமாக வெட்டலாம். தபேலாவின் இடது கைக்கும் பேஸுக்கும் போடாதீர்கள்.

பிறகு மானிட்டர். மைக்கெல்லாம் அவரவர் இடத்தில் இருக்க, மானிட்டரை மெல்ல ஏற்றுங்கள். முதல் ஊளை எந்த ஒலியில் வருகிறது என்று கேளுங்கள். "ஊ" என்று உறுமினால் 250-க்கும் 500-க்கும் இடையில், "ஆ" என்றால் ஆயிரத்தை ஒட்டி, "ஈ" என்று கீச்சிட்டால் 2000-க்கும் 4000-க்கும் இடையில். அந்தப் பட்டையை 3 டிபி, தேவையானால் 6 டிபி இறக்குங்கள். மறுபடி ஏற்றுங்கள். நான்கைந்து பட்டைக்கு மேல் வெட்ட வேண்டிவந்தால் ஈக்யூவை விடுங்கள், ஸ்பீக்கர் இடத்தை மாற்றுங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற, பின்பக்கம் கேட்காத கார்டியாய்டு மைக்குக்கு மானிட்டர் நேர் பின்னால் இருக்க வேண்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியாய்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் காது உண்டு, மானிட்டரைச் சற்றுச் சாய்த்துப் பின்-பக்கவாட்டில் வையுங்கள். பாடகர் மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்த மைக்கும் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். இதை அவரிடம் சவுண்ட் செக்கிலேயே சொல்லிவிடுங்கள்.

எக்கோ நம் ஊரில் எல்லோரும் கேட்பது. தகரக் கூரை மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி நிறைய இருக்கும், அங்கே ரிவர்பை (மண்டபத்தில் நீளும் எதிரொலி போன்ற எஃபெக்ட்) சேர்த்தால் வரி ஒன்றும் புரியாது. டிலே (சற்றுத் தாமதித்துத் தனியாகத் திரும்பும் ஒலி) மட்டும் வையுங்கள், பாட்டின் வேகத்தோடு பொருத்தி. 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுத்தால் மில்லி நொடி கிடைக்கும்: 100 தட்டு என்றால் 600, அதில் பாதி 300. திரும்ப வரும் ஒலியில் மேல் பகுதியை வெட்டிவிட்டால் வார்த்தையோடு மோதாது. அறிவிப்பாளர் பேசும்போது எக்கோவை ஊமையாக்க எக்ஸ்ஆரில் மியூட் குரூப் (பலவற்றை ஒரே தட்டில் ஊமையாக்கும் பட்டன்) வைக்கலாம். அனலாக் வாங்குவதானால் எக்கோவை நிறுத்தக் கால் சுவிட்ச் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் வெளியீட்டில் கம்ப்ரஸரை லிமிட்டராக (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பதாக) வையுங்கள், வாடகை ஸ்பீக்கரின் ட்வீட்டர் எரிந்தால் பில் உங்கள் பேரில் வரும். இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன, சிறப்பு அனுமதி இருக்கிறதா என்று விழாக் குழுவிடம் முன்பணம் வாங்கும்போதே கேளுங்கள்.

பழையது வாங்கலாமா? அனலாக் என்றால் தாராளமாக. ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சேனலிலும் மைக் சொருகிப் பேசுங்கள், பின்னை அசையுங்கள், குமிழ்களைச் சுழற்றுங்கள். கரகரத்தால் கிளீனர் போதும், சத்தம் விட்டுவிட்டு வந்தால் துளையின் சால்டர் விட்டிருக்கிறது, விலையைக் குறையுங்கள். மைக் இல்லாமல் எல்லாச் சேனல் கெயினையும் ஒவ்வொன்றாக முழுக்க ஏற்றி இரைச்சலை ஒப்பிடுங்கள், ஒன்று மட்டும் தனியாகச் சீறினால் அந்த ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) அடிபட்டிருக்கிறது. ஃபாண்டம் போட்டு மல்டிமீட்டரில் பின் 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும் அளந்தால் 44 முதல் 52 வோல்ட் இருக்க வேண்டும். பழைய டிஜிட்டல் என்றால் இதோடு சேர்த்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பிறகு மறுபடி எல்லாச் சேனலையும் கேளுங்கள், அணைத்துப் போட்டால் சேமித்த அமைப்பு திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். புதியது வாங்கினால் இந்திய வாரன்டி உள்ள பில் கேளுங்கள். வேலூரிலிருந்து சென்னை ரிச்சி தெரு சுமார் 140 கிலோமீட்டர். பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்து வாங்கிய பெட்டி பழுதானால், ஆடி மாதத்தில் உங்களுக்கு ஒரு முழு நாளும் ஒரு நிகழ்ச்சியும் போகும்.